சீனப் பீங்கானில் ஐரோப்பிய உருவங்கள்: பிழை எனப்படுவது பற்றிய ஒரு திறனாய்வுக் குறிப்பு

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலம் சீனத்துச் சூளைகளிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான பீங்கான் பொருள்களுள் மனித உருவங்கள் ஒரு சிறு பகுதியாகும். மும்முனைத் தொப்பியுடன் அமர்ந்திருக்கும் ஒல்லாந்தர், அகன்ற பாவாடையணிந்த சீமாட்டியர், கைகோத்து ஆடும் ஆண் பெண் இணையினர் என இவை ஐரோப்பியரையே பொருளாகக் கொண்டவை. ஐரோப்பியர் வாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. ஆயின் இவற்றை ஆக்கியோர் ஐரோப்பாவைக் கண்டிராத தொழிலாளர். ஐரோப்பியப் பெண்ணொருத்தியைத் தம் வாழ்நாளிற் கண்டிருக்கவும் அவருட் பெரும்பாலோர்க்கு வாய்ப்பில்லை. 18ஆம் நூற்றாண்டிற் கன்ரன் துறைமுகத்து வணிகக் குடியிருப்புகளுக்குட் பிறநாட்டுப் பெண்கள் வருவதைச் சீன ஆட்சி தடைசெய்திருந்தது. உள்நாட்டுச் சூளை நகரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பீங்கான் கலை வரலாற்று நூல்களில் இவ்வுருவங்களுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அடிக்குறிப்பின் இடமே. குடங்களும் தட்டங்களும் கலையாகப் பேசப்பட்டபின், 'விந்தைப் பொருள்' என்ற தலைப்பின் கீழ் இவை வந்து சேர்கின்றன. முகம் சீன முகமாயிருக்கிறது, உடையின் மடிப்புத் தவறாயிருக்கிறது, கையின் நிலை விளங்கவில்லை என்றவாறு பிழைகள் பட்டியலிடப்படுகின்றன. போலச்செய்தல் முற்றுப்பெறாமையாற் பிறந்த இனிய பிழைகள் என்பதே அவற்றின் மேலான பாராட்டாகும்.

இத்தீர்ப்பை ஏற்றுக்கொள்ளுமுன் இதன் மறுதலையையும் நோக்குதல் வேண்டும். சீனக் குயவர் காணாத ஐரோப்பியரை உருவாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், சாக்சனியிலுள்ள மைசன் பீங்கான் தொழிற்சாலையில், 1720இல் அங்கு வந்துசேர்ந்த யோகான் கிறெகோரியஸ் ஹெறோல்ட் என்னும் ஓவியர் தாம் ஒருபோதுங் காணாத சீனரைக் கோப்பைகளிலும் குடுவைகளிலுந் தீட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சீனர் வினோதமான தொப்பிகளுடன் தேநீர் அருந்துகின்றனர், மீன் பிடிக்கின்றனர், பூச்சிகளுடன் விளையாடுகின்றனர். இவ்வாறான சீனர் எந்தச் சீன மாகாணத்திலும் இருந்ததில்லை. எனினும் இவற்றைச் சீனத்தைப் போலச்செய்து தோற்றவை என எந்தக் கலை வரலாற்றாசிரியரும் எழுதுவதில்லை. அதற்கு 'சினுவாசெரி' என்று ஒரு நடைப்பெயரே உண்டு. கற்பனைவளம், விளையாட்டுணர்வு, அலங்கார நயம் என்னுஞ் சொற்களால் அது விளக்கப்படுகிறது. ஐரோப்பியன் சீனனை அறியாமல் வரைந்தால் அது ஒரு நடையாகிறது. சீனன் ஐரோப்பியனை அறியாமல் வனைந்தால் அது பிழையாகிறது. இவ்விரு அளவுகோல்களும் எங்கிருந்து வந்தன என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

உருவங்களை விளங்கிக்கொள்ள அவை பிறந்த உற்பத்திச் சூழலை முதலில் அறிதல் இன்றியமையாதது. ஐரோப்பியச் சந்தைக்கான உருவங்கள் பெரும்பாலும் இரண்டு நிலையங்களிலிருந்து வந்தன. ஒன்று, புஜியன் மாகாணத்து டெஹுவா. தந்த நிறச் சாயலுள்ள, பெரும்பாலும் வண்ணந் தீட்டப்படாத வெண்பீங்கானுக்குப் பெயர்பெற்றது. மற்றையது, ஜியாங்ஸி மாகாணத்து ஜிங்டெஜென். பேரரசின் அவைக்கும் உலகச் சந்தைக்கும் ஒருங்கே பொருள் செய்த பெருநகர். இந்நகரத்தின் தொழில்முறை பற்றிப் பிரான்சிய இயேசு சபைக் குருவான தோந்திரக்கோல் 1712இலும் 1722இலும் எழுதிய கடிதங்கள் புகழ்பெற்றவை. ஒரு பீங்கான் கலம் முடிவதற்குள் எழுபது பேரின் கைகளைக் கடந்துவிடும் என்று அங்குள்ளோர் கூறுவதாக அவர் எழுதினார். விளிம்பின் வளையத்தை ஒருவன் இழுப்பான். பூவின் கோட்டுருவை வேறொருவன் வரைவான். அதற்கு நிறமிடுபவன் மூன்றாமவன். எனவே 'சீனக் கலைஞன் ஐரோப்பியனை எவ்வாறு கண்டான்?' என்று நாம் கேட்கும் வினாவே ஓரளவு தவறானது. அவ்வாறு கண்ட தனியொருவன் அந்த வேலைத்தலத்தில் இல்லை.

அக்கடிதத்திற் பிறிதொரு செய்தியும் உண்டு. அதனைக் கலை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. ஐரோப்பிய வணிகர் கேட்கும் மாதிரிகள் புதியன, விந்தையானவை, சுட்டெடுப்பதற்குக் கடினமானவை. சிறு குறை இருந்தாலும் வணிகர் அவற்றை ஏற்கமாட்டார். ஏற்கப்படாதவை குயவனிடமே தங்கிவிடும். சீனச் சுவைக்கு ஒவ்வாமையால் அவற்றை உள்நாட்டில் விற்கவும் இயலாது. ஆதலால் ஏற்கப்பட்டவற்றின் விலை, தள்ளப்பட்டவற்றின் இழப்பையுஞ் சேர்த்தே சுமக்க வேண்டியிருந்தது. ஒரு ஐரோப்பியச் சீமாட்டியின் உருவத்தில் நாம் காணும் ஒவ்வொரு தேர்வுக்கும் பின்னால் இந்த அச்சம் நின்றது என்று கொள்ளலாம். கை நீண்டு தனித்து நின்றால் சூளையில் வளையும்; கழுத்து மெலிந்தால் தலை சாயும். களி உலர்ந்து, ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் வெந்து முடிகையில், தன் முதலளவில் ஆறிலொன்று அளவுக்குச் சுருங்கிவிடும். நாம் 'விறைப்பு' என்று குறைகூறுவது பல இடங்களில் தொழிலாளியின் பிழைப்புக் கணக்கேயாகும். அகன்ற மணி போன்ற ஐரோப்பியப் பாவாடை அவனுக்கு ஒரு வரமாக வாய்த்திருக்க வேண்டும். அது உள்ளே வெறுமையாகவும் அடியில் உறுதியாகவும் நிற்கும். கால்களைச் செய்யவேண்டிய தேவையே இல்லை.

வாங்கும் பக்கத்தையும் நோக்கவேண்டும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியோ ஆங்கிலக் கம்பனியோ பெருந்தொகையாகக் கேட்டவை தட்டங்களும் கோப்பைகளுமே. 1635இலேயே தைவானிலிருந்த ஒல்லாந்தர் தமக்கு வேண்டிய கலங்களின் வடிவங்களை மரத்திற் செய்வித்துச் சீனக் குயவர்க்கு மாதிரியாக அனுப்பினர். உருவங்களோ கப்பலில் இடம் பிடிப்பவை, இலகுவில் உடைபவை. அவை பெரும்பாலும் கப்பல் அதிகாரிகளும் கம்பனி முகவரும் தம் சொந்தக் கணக்கில் நடத்திய தனி வாணிபத்தின் வழியாகவே சென்றன. தேயிலைப் பெட்டிகளுக்கு அடியிற் பாரமாக அடுக்கப்பட்ட சாதாரணப் பீங்கானின் விதி இவற்றுக்கு இல்லை. மாளிகை அலுமாரிகளை நோக்கியே இவை பயணஞ் செய்தன.

அந்த அலுமாரிகளுக்கு உரியோர் பீங்கானுக்காக எவ்வளவு தூரஞ் செல்லக்கூடியவர் என்பதற்குச் சாக்சனி அதிபரான பலவான் ஔகுஸ்துஸ் ஒருவரே போதும். 1717இற் பிரசிய மன்னரிடமிருந்து 151 சீனக் கலங்களைப் பெறுவதற்காகத் தம் படையிலிருந்து 600 குதிரை வீரரை அவர் கொடுத்தார். வீரர் எவரும் தம் விலை குறித்துக் கருத்துக் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

டெஹுவாவின் ஐரோப்பியக் குடும்பத் தொகுதிகளை இனி எடுத்துக்கொள்வோம். ஒரு ஆண், ஒரு பெண், நடுவே சிறு மேசை. அருகிற் பிள்ளைகள், சிலவற்றில் நாயோ குரங்கோ. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ஏலத்திற் போன கப்பற் சரக்குகளில் இவை 'ஒல்லாந்தக் குடும்பங்கள்' எனக் குறிக்கப்பட்டன. பிற்காலச் சேகரிப்பாளர்க்கு அப்பொதுப்பெயர் போதவில்லை. 'ஆளுநர் டஃப்பும் குடும்பமும்' என்றொரு பெயரை இவற்றுக்கு இட்டனர். டஃப் என்பது பத்தாவியாவில் 1729 முதல் 1732 வரை தலைமை ஆளுநராயிருந்த டியெடறிக் டேர்வனின் சிதைந்த பெயர் என விளக்கமுங் கூறப்பட்டது. ஆனால் இவ்வகைத் தொகுதிகள் டேர்வன் பதவியேற்பதற்கு முன்னரே ஐரோப்பாவில் விற்பனையாகியுள்ளன. இவ்வாறே கங்ஸி பேரரசர் காலத்து வண்ண உருவ இணையொன்று பிரான்சிய மன்னர் பதினான்காம் லூயி எனவும் அவர் காதலி மதாம் த மோந்தெஸ்பான் எனவும் நெடுங்காலம் அழைக்கப்பட்டுவந்தது, அதற்கும் ஆதாரமில்லை.

இப்பெயரிடல் வெறுந் தகவற் பிழையன்று. தன்னைப் பற்றிப் பிறன் செய்த உருவத்தில் ஐரோப்பியன் ஒரு மன்னனையோ ஆளுநரையோ தேடினான். குயவன் செய்தது ஒரு வகைமாதிரியை. அவனுக்கு இவர்கள் எல்லோரும் 'செம்மயிரர்' தாம். ஒல்லாந்தரையும் அவர் போன்றோரையும் புஜியன் கரையோரத்தார் அவ்வாறே அழைத்தனர். வண்ணமற்ற வெண்பீங்கானில் அந்தச் செம்மயிரும் இல்லாமற் போயிற்று. எஞ்சிய அடையாளங்கள் தொப்பி, சுருள்மயிர், பொத்தான் வரிசை ஆகியனவே. சில உருவங்களிற் சுட்டபின் பூசிய வண்ணத்தின் தடயங்கள் உள்ளன. ஆயினும் பெரும்பாலானவற்றில் அயலவரை அயலவராக்கிய நிறமே நீங்கிவிட்டது.

உடைக்குள் இருக்கும் உடலைக் கவனிப்பவர்க்கு வேறொன்று புலப்படும். டெஹுவாவின் புகழ் குவான்யின் என்னுங் கருணைத் தெய்வத்தின் உருவங்களால் வந்தது. மிங் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த ஹே சாவோசொங் என்னும் வித்தகர் தம் முத்திரையைப் பொறித்த குவான்யின் உருவங்கள் சீனச் சிற்பத்தின் உச்சங்களுள் வைத்தெண்ணப்படுவன. ஆடை தோளிலிருந்து இறங்கி மடிந்து முழந்தாளிற் குவியும் அவ்வொழுக்கு அந்த ஊர்க் கைகளுக்கு இயல்பாகிவிட்டது. ஒல்லாந்தச் சீமாட்டியின் சட்டையைச் செய்தபோதும் கை அறிந்த மடிப்பு அதுவே. அச்சுக்குட் களியை அழுத்தி, பகுதிகளைத் தனித்தனி எடுத்து, குழைத்த களியால் ஒட்டி நிறைவாக்கும் முறையும் அதுவே. எனவே அவள் பாரமான ஐரோப்பியத் துணியை உடுத்திய தெய்வம்போல அமைதியாக வீற்றிருக்கிறாள். இது அறியாமையால் வந்தது எனலாம். ஆனால் அறியாத பொருளை அறிந்த இலக்கணத்தால் எழுதுதல் எல்லாக் கலைக்கும் உரிய வழியன்றோ? அயலிலிருந்து வந்த நாவலைத் தமிழில் முதலில் எழுதியோர் கதைப்பாடலினதும் புராணப் பிரசங்கத்தினதும் நடையை அதற்குட் கொணர்ந்ததை நாம் பிழையென மட்டுங் கணித்து விட்டுவிடுவதில்லை.

இவ்வுருவங்கள் யாவற்றுள்ளும் திறனாய்வாளனுக்கு மிகுந்த பயன் தருவது, 1740ஆம் ஆண்டளவில் ஜிங்டெஜென்னில் ஆக்கப்பட்டு எனாமல் வண்ணந் தீட்டப்பட்ட, நிற்கும் பெண்ணுருவம் ஒன்றாகும். பொதுவாக ஒல்லாந்தச் சீமாட்டி என்றே இது வழங்கிற்று. பின்னரே இதன் மூலம் அறியப்பட்டது. 1703இல் நூரன்பேர்க்கில் வெளியான, ஆபிரகாம் அ சாங்தா கிளாரா என்னுந் துறவியின் பெயரால் அமைந்த உலக மாந்தர் உடைக் காட்சி நூலொன்றுக்காகக் கஸ்பார் லொய்கன் செதுக்கிய படமே அது. பிராங்க்பேர்ட் நகரத்து யூதப் பெண்ணின் படம். கழுத்தைச் சூழ்ந்த பெரிய மடிப்புப் பட்டையும் சிறகு போன்ற தலையணியும் அந்நகரத்து யூதச் சமூகத்தின் அடையாளங்கள். ஐரோப்பாவிலேயே வேலியிட்ட தெருவுக்குள் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெண், சீனத்துக்குச் சென்று பீங்கானாகி, ஐரோப்பியச் சீமாட்டி என்னும் பெயருடன் செல்வர் வீட்டு அலுமாரியில் வந்து நின்றாள். வாங்கியோர் அவளை அடையாளங் கண்டிருப்பின் வாங்கியிருப்பரோ என்பது வேறு வினா. எவ்வாறாயினும், பிழை யாருடையது என்று கேட்கவேண்டிய இடம் இதுவே. குயவன் தனக்குத் தரப்பட்ட படத்துக்கு உண்மையாகவே இருந்தான். அடையாளத்தைத் தவறவிட்டவர் வாங்கியவர்.

படத்திலிருந்து உருவத்துக்கு வரும் வழியிற் செய்யப்பட்டவற்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அச்சுப்படம் கறுப்பும் வெள்ளையும். உருவத்துக்கு நிறம் வேண்டும். பொன்னிலிருந்து பெறப்படும் ரோசா நிறம் 1720களிற் சீன எனாமற் கலையில் இடம்பெற்றிருந்தது. அந்த வண்ணத் தொகுதியைக் கொண்டு, ஓவியன் பாவாடையிற் சீனப் பூக்களைத் தீட்டினான். அச்சுப்படம் முன்புறத்தை மட்டுமே காட்டும்; உருவமோ சுற்றிவரப் பார்ப்பதற்கு நிற்பது. தலையணி பின்னால் எவ்வாறு கட்டப்படுகிறது, மேலாடை முதுகில் எவ்வாறு விழுகிறது என்பனவற்றை லொய்கன் சொல்லவில்லை. அதனை மாதிரி செய்தவன் தானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. முன்புறம் மொழிபெயர்ப்பு என்றால் பின்புறம் முழுமையாக அவனுடைய ஆக்கம். நூதனசாலைகள் இவ்வுருவங்களைச் சுவரோரத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் முன்முகம் காட்டி வைத்திருப்பதனால் இவ்வாக்கத்தைப் பெரும்பாலும் எவரும் காண்பதில்லை. நூல்களின் ஒளிப்படங்களும் அப்படியே.

இதற்கு மாறானது நடன இணை. திரோல் நாட்டு ஆடுநர் என வழங்கும் இத்தொகுதி, மைசன் தொழிற்சாலையில் யோகான் பிரீட்றிக் எபர்லைன் 1735ஆம் ஆண்டளவிற் செய்த மாதிரியைப் பின்பற்றியது. இங்கே மூலம் ஒரு படமன்று, பீங்கானே. இதன் வரலாற்றுச் சுவை மறுக்கவொண்ணாதது. சீனப் பீங்கானின் மருமத்தை அறிவதற்காக ஔகுஸ்துஸ், பொட்கர் என்னும் இரசவாதியைச் சிறைக்காவலில் வைத்து ஆராயச் செய்தார். பொட்கரும் சேர்ன்ஹௌசும் 1708-09 ஆண்டுகளில் வெற்றிகண்டதன் பயனாக 1710இல் மைசன் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இருபத்தைந்து ஆண்டு கழிவதற்குள் அதன் உருவமொன்று மாதிரியாகி, சற்றுப் பின்னர்ச் சீனத்துச் சூளைக்குட் சென்றது. எனினும் கலைப்பொருளாக நோக்குமிடத்து, என் கணிப்பில், பிராங்க்பேர்ட் பெண்ணிலும் இது ஒரு படி தாழ்ந்ததே. பின்புறமும் தரப்பட்டுவிட்டது, உடலின் சுழற்சியும் தரப்பட்டுவிட்டது, குயவனுக்கு எஞ்சியது திறமையைக் காட்டும் வேலை மட்டுமே. திறமைக்குக் குறைவில்லை. ஆயின் மூலம் எவ்வளவு முழுமையாகத் தரப்படுகிறதோ அவ்வளவுக்கு ஆக்கத்தின் இடம் சுருங்கிவிடுகிறது.

அண்மைக்காலத்து ஆய்வாளர் சிலர் பழைய தீர்ப்பைத் தலைகீழாக்கி, இவ்வுருவங்களிற் சீனரின் ஏளனத்தைக் காண்கின்றனர். கற்பனை விலங்கொன்றின்மீது அமர்ந்துவரும் டெஹுவா ஒல்லாந்தனை அவர்கள் சான்றாகக் காட்டுவர். விலங்கின்மீது அமர்வது சீன உருவ மரபில் அருகருக்கும் போதிசத்துவருக்கும் உரிய நிலை. அந்த இருக்கையில் வணிகனை ஏற்றியது ஏளனமாயிருக்கலாம். கையிலிருந்த அச்சை மீளப் பயன்படுத்திய சிக்கனமாயும் இருக்கலாம். தள்ளப்படும் ஒவ்வொரு பொருளின் இழப்பையுந் தானே சுமக்கும் ஒருவன், தன் வாடிக்கையாளனை எள்ளுவதற்கெனப் புதிய அச்சுச் செய்திருப்பான் எனக் கருதுவது கடினம். அடக்கப்பட்டோரின் கலையில் எல்லாம் மறைந்த எதிர்ப்பைத் தேடும் பழக்கம் எம்மிடையேயும் உண்டு. உழைத்தவனின் நிலையை அது மெய்யாக விளக்காது. எமக்கு விருப்பமான வீரன் ஒருவனை அவனிடத்தில் நிறுத்திவிடும்.

இன்னொரு சாரார் இவற்றைக் கிழக்கும் மேற்கும் நட்புறவிற் சந்தித்த அடையாளங்களாகப் போற்றுகின்றனர். கண்காட்சிச் சுவர்களில் எழுதுவதற்கு இது வாய்ப்பான வாசகம். ஆயின் சந்திப்பு எந்த நிலைமைகளில் நிகழ்ந்தது என்று கேட்கவேண்டும். இலங்கை வாசகர்க்குத் தெரிந்த ஓர் ஒப்புமையுண்டு. 16ஆம் நூற்றாண்டிற் கோட்டை இராச்சியத்துத் தந்தச் சிற்பிகளும் ஐரோப்பிய அச்சுப்படங்களைப் பார்த்துப் பேழைகளிற் செதுக்கினர். ஜேர்மானிய ஓவியர் டியூரரின் துருத்திக்குழல் வாசிப்போன் அவற்றுள் ஒன்றில் வந்து நிற்கிறான். ஆனால் அப்பேழைகள், போர்த்துக்கேயரின் படைத்துணையை நாடிய ஓர் அரசவையிலிருந்து சென்ற இராசதந்திரப் பரிசில்களோடு தொடர்புற்றவை. சீனத்தின் நிலை அதுவன்று. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் சீனத்துக்கு வெள்ளி கொணர்ந்து பொருள் பெற்றனர்; 1757இன் பின் கன்ரன் என்னும் ஒரே துறைமுகத்தில், சீன ஆட்சி வகுத்த விதிகளுக்கமையவே கடல்வழி வாணிபஞ் செய்தனர். அரசு அரசுக்குத் தாழவில்லை. தாழ்ந்து நின்றவன், தன் அரசுக்கும் தன் நாட்டு வணிகனுக்கும் ஐரோப்பியக் கொள்வனவாளனுக்கும் ஒருங்கே கீழ்ப்பட்ட குயவன். இதனைக் கருதாது நாகரிகங்களின் சந்திப்பு எனப் பேசுவது வணிகனின் கணக்குப் புத்தகத்தைக் கலை வரலாறாக வாசிப்பதாகும்.

இங்கு ஒரு தடையும் எழக்கூடும். ஹெறோல்ட்டின் சீனரை வாங்கியவர் ஐரோப்பியர். அவர்க்கு ஒப்புமையைச் சரிபார்க்க வழியில்லை. சீனக் குயவனின் ஐரோப்பியரை வாங்கியவரும் ஐரோப்பியரே; அவர்க்குக் கண்ணாடி ஒன்றே போதும். ஆதலால் இரண்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பர். இத்தடை வலிமையானது. ஆயின் அது என் வாதத்துக்கே துணைசெய்கிறது. சரிபார்க்கக்கூடியவர் சரியில்லை எனக் கண்டும் விலைகொடுத்து வாங்கினர். பல பத்தாண்டுகள் தொடர்ந்து வாங்கினர். அவர்கள் வாங்கியது ஒப்புமையை அன்று. பீங்கானாகிவிட்ட தம்மை, அயலவன் கையால் அயலாக்கப்பட்ட தம்மை, அவர்கள் அலுமாரியில் வைத்துக் காண விரும்பினர். 'பிழை' அந்த விலையின் ஒரு பகுதி.

ஒப்புமையையே விரும்பியோர்க்கு வேறு வழியிருந்தது. கன்ரனிலும் பிற துறைமுகங்களிலும் ஐரோப்பியரை நேரே பார்த்துச் சுடாத களியில் உருவஞ் செய்து வண்ணந் தீட்டுஞ் சிற்பிகள் இருந்தனர். அவர்களுள் ஒருவரான சிற்குவா 1769இல் இலண்டனுக்கே சென்று, மறு ஆண்டு அரச கலைக்கழகக் கண்காட்சியில் இடம்பெற்றார். சொபனி வரைந்த கலைக்கழகத்தாரின் கூட்டு ஓவியத்தில் அவர் முகமும் உண்டு. அவருக்கு அரை நூற்றாண்டு முந்தியது, 1716ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டு இன்று இலண்டன் தேசிய உருவப்படக் கூடத்திலிருக்கும் ஜோசப் கொலெற்றின் உருவம். கொலெற் சுமாத்திராவிலுள்ள ஆங்கிலக் கோட்டையிற் பணியாற்றியபின் 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்தவர்; திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலடிப்பேட்டை, அவர் பெயரால் அமைந்த நெசவாளர் குடியிருப்பான கொலெற்பேட்டையின் மருவிய வழக்கே. செய்தவரின் பெயர் அமோய் சின்குவா என்று உருவத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. டெஹுவாவின் ஐரோப்பிய உருவங்களைச் செய்தோர்க்குப் பெரும்பாலும் கிட்டாத பேறு அது. இங்கே மனிதன் முன்னால் நின்றான். சிற்பி கண்ணாற் கண்டு செய்தார். விறைப்பும் இல்லை, குவான்யின் மடிப்பும் இல்லை. அவ்வுருவத்தை இங்கிலாந்திலிருந்த தம் மகளுக்கு அனுப்பிய கொலெற், முக அமைப்பு மிகச் சரியாக வந்திருப்பதாக இங்குள்ளோர் கருதுகின்றனர், மேனியின் நிறந்தான் அவ்வளவாகப் பொருந்தவில்லை என்ற கருத்துப்பட எழுதினார்.